பூஸ்ட் ஏறவில்லையா, எகிறுகிறதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றி எழுதிய, டர்போ காரில் பூஸ்ட் தகராறு வந்ததும் எல்லோர் கையும் நேராக வேஸ்ட்கேட் ராடுக்குத்தான் போகிறது. லாக் நட்டைத் தளர்த்தி இரண்டு சுற்று முறுக்குவது, ஓட்டிப் பார்ப்பது, போதவில்லை என்றால் இன்னும் இரண்டு சுற்று. தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ராடை முறுக்கினால் பூஸ்ட் ஏறத்தான் செய்யும். பழுது இருந்த இடத்திலேயே இருக்கும், எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற அளவும் கையை விட்டுப் போய்விடும்.

இங்கே எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சின். 150 குதிரைத்திறனோடு இந்தியாவில் விற்கப்பட்டது. கோயம்புத்தூரில் எங்கள் வேலை இடத்துக்கு இன்றைக்கும் வருகிறது. அதே எஞ்சின் குடும்பம் கோல்ஃப், ஆடி ஏ3, டிடி என்று பல கார்களில் உண்டு. வேறு காராக இருந்தால் பாகத்தின் பெயரும் ஸ்கேனர் பிளாக் எண்ணும் மாறும், பழுது தேடும் வரிசை மாறாது.

காற்று போகும் வழி

ஏர் ஃபில்டர், காற்றின் அளவைப் பார்க்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், பிறகு டர்போவுக்குள் போகும் ரப்பர் குழாய், டர்போ, இன்டர்கூலர், த்ராட்டில், எஞ்சின். இந்த வழியில் டர்போ அமுக்கித் தரும் அழுத்தம்தான் பூஸ்ட். அது எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட். புகைவாயுவின் ஒரு பகுதியை டர்பைன் சக்கரத்தில் மோத விடாமல் பக்கவழியாக வெளியே விடும் ஒரு சிறு மூடி, அவ்வளவுதான். அதைத் திறப்பது ஆக்சுவேட்டர் டப்பா. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு டயாப்ரம். டப்பாவுக்குள் அழுத்தம் போனால் ஸ்பிரிங் தோற்று, ராடு தள்ளி, மூடி திறக்கும்.

டப்பாவுக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது என்75 என்ற சோலினாய்டு வால்வு. மூன்று முனைகள் உண்டு. ஒன்று டர்போவின் அழுத்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஒன்று ஆக்சுவேட்டருக்குப் போகிறது, ஒன்று டர்போவுக்கு முந்தைய குழாய்க்குத் திரும்புகிறது. கரண்ட் இல்லாதபோது அழுத்தம் அப்படியே ஆக்சுவேட்டருக்குப் போகும். மூடி சீக்கிரம் திறந்துவிடும், பூஸ்ட் குறைவாக நிற்கும். எஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ அதிக பூஸ்ட் கேட்டால் என்75-க்கு டியூட்டியை, அதாவது கரண்ட் கொடுக்கும் நேரத்தின் சதவீதத்தை, ஏற்றும். ஆக்சுவேட்டருக்குப் போக வேண்டிய அழுத்தத்தில் ஒரு பங்கு திரும்புகுழாயில் கசிந்துவிடும். மூடி மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறும். அதாவது ஆக்சுவேட்டருக்குக் குறைவாகப் போனால் பூஸ்ட் கூடுகிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கு மனதில் பதிந்தால் கீழே வரும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

ஸ்பேனரைத் தொடும் முன்

சாவியைப் போடுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். விசிடிஎஸ் போன்ற ஸ்கேனரில் பிளாக் 115-ஐத் திறந்தால் ஆர்பிஎம், லோடு, கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் என்று நான்கு கட்டம் வரும். நான்காவது கட்டம் இப்போது ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் ஏறக்குறைய 1010 மில்லிபார், கோவையில் 965 பக்கம், ஊட்டியில் 775 பக்கம். கோவையில் நிற்கும் கார் 1080 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது, அல்லது அதன் கனெக்டரில் கோளாறு. அதைச் சரி செய்யாமல் மேலே போகாதீர்கள். ஸ்கேனர் காட்டுவது முழு அழுத்தம், டேஷ்போர்டில் பொருத்திய மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பது மட்டும். 1900 மில்லிபார் என்றால் கோவையில் மீட்டரில் 0.93 பார், பிஎஸ்ஐ கணக்கில் பதின்மூன்றரை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அடிப்படை அழுத்தம். என்75-இன் மின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டர். ஸ்பிரிங் மட்டும் அனுமதிக்கும் பூஸ்ட் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தக் காரில் அது 0.35 முதல் 0.5 பாருக்குள் ஓரிடத்தில், ஆர்பிஎம் ஏறினாலும் பெரிதாக மாறாமல் நிற்க வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இசியூவில் ஒரு ஃபால்ட் பதிவாகும், அதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம். மூன்றாம் கியரில் 6000 ஆர்பிஎம் என்றால் நூறைத் தாண்டிவிடும். ஆகவே இதை டைனோவில், அதாவது நின்ற இடத்திலேயே உருளைமேல் காரை ஓட்டும் கருவியில் செய்யுங்கள், இல்லை டிராக்கில் செய்யுங்கள். அவினாசி ரோட்டில் வேண்டாம்.

கனெக்டரை மாட்டிவிட்டு அதே ஓட்டத்தை இன்னொரு முறை ஓட்டி, இப்போது பிளாக் 115-ஐயும் 118-ஐயும் பதிவு செய்யுங்கள். 118-இல் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் என்75 டியூட்டி சதவீதமும் வரும். இந்த மூன்று எண்களைச் சேர்த்துப் பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கேட்டது 1900, கிடைத்தது 1650, டியூட்டி 95 என்றால் இசியூ தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டது, டர்போ பக்கம் கொடுக்க முடியவில்லை. கேட்டது 1900, கிடைத்தது 2200, டியூட்டி 5 என்றால் இசியூ மூடியைத் திற என்று கெஞ்சுகிறது, மூடி திறக்கவில்லை. கேட்டதே 1400 என்றால் பூஸ்ட் அமைப்பில் தேடிப் பயனில்லை. வேறு ஏதோ காரணத்தால் இசியூ தானாகவே குறைத்துக் கேட்கிறது, ஃபால்ட் மெமரியைப் பாருங்கள்.

பூஸ்ட் 0.4 பாருக்கு மேல் ஏறவே இல்லை

அடிப்படை ஓட்டத்தில் வந்த எண்ணும் இப்போது வரும் எண்ணும் ஒன்றாக இருந்தால், என்75 வேலை செய்யவில்லை. கனெக்டரைக் கழற்றி வால்வின் இரண்டு பின்னுக்கும் இடையே மின்தடையை அளங்கள்; 25-க்கும் 35-க்கும் இடையே ஓம் இருக்க வேண்டும். திறந்த சர்க்யூட் என்றால் காயில் போய்விட்டது. ஓம் சரியாக இருந்தால் ஸ்கேனரின் அவுட்புட் டெஸ்டில் வால்வை இயக்குங்கள், டிக் டிக் என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் மட்டும் போதாது. சில வால்வுகள் டிக் என்று அடித்துக்கொண்டே உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கிடக்கும். கழற்றி, கரண்ட் இல்லாமல் வாயால் ஊதிப் பாருங்கள். அழுத்த முனையில் ஊதினால் ஆக்சுவேட்டர் முனையில் காற்று வர வேண்டும், திரும்புமுனையில் வரக்கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் ஆக்சுவேட்டர் முனையும் திரும்புமுனையும் இணைய வேண்டும்.

வால்வு நன்றாக இருந்தும் பூஸ்ட் இல்லை, ஃபால்ட் மெமரியில் 17965 இருக்கிறது என்றால், முன்பு ஒருமுறை பூஸ்ட் எல்லை மீறி இசியூ காரைத் தற்காப்பு நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஃபால்டை அழித்தால் மறுபடி ஓடும், மறுபடி மாட்டும். கீழே பூஸ்ட் எகிறுவதைப் பற்றிய பகுதிகளுக்குப் போங்கள்.

பூஸ்ட் தாமதமாக வருகிறது, கேட்டதை எட்டவில்லை

அதிகமாக வரும் பழுது இதுதான். டியூட்டி 90-க்கு மேல், கிடைத்த பூஸ்ட் கேட்டதைவிட 200, 300 மில்லிபார் கீழே. ஃபால்ட் 17705 சேர்ந்து வந்திருந்தால் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே அழுத்தம் போகிறது என்று இசியூவே சொல்லிவிட்டது. பெரும்பாலும் கசிவு.

அழுத்தச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி எண்ட் கேப், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் வாய்க்குப் பொருந்தும் அளவில் ஒன்று. நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றை இழுத்து மாட்டுங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தள்ளி வைத்துவிட்டு, குழாயின் வாயில் கேப்பை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் கட்டாயம். 0.3 பாரில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள், 1 பாரைத் தாண்ட வேண்டாம். முகத்தைக் குழாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள். கேப் தெறித்து வந்தால் பல்லைப் பேர்க்கும்.

இப்போது காது கொடுங்கள். ஓர் உஸ் சத்தம் எப்போதும் இருக்கும். ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வுகள் சற்றுத் திறந்திருக்கும், அது சைலன்சர் வழியாகப் போகும். கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் குறையும். ஆயில் மூடியைத் திறந்தால் காற்று பீறிட்டு வருகிறதா? கிராங்க்கேஸுக்குப் போகும் ஒருவழி வால்வு கெட்டுவிட்டது என்று சந்தேகப்படுங்கள். மற்ற இடங்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து, நுரை கிளம்பும் இடம் பாருங்கள். இன்டர்கூலரின் ரப்பர் மூட்டுகள், பூஸ்ட் மீட்டருக்காக யாரோ போட்ட டீ பீஸ், மேனிஃபோல்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் வளைவுக் குழாய்கள்.

போன கோடையில் வந்த ஒரு காரில் இரண்டு நாள் போனது. ஓனர் இதற்குள் என்75-ஐயும் டைவர்ட்டர் வால்வையும் மாற்றி, ராடை நான்கு சுற்று முறுக்கியிருந்தார். எஞ்சின் ஆறியிருந்தபோது சோதனையில் 0.8 பார் வரை ஒரு குமிழ்கூட இல்லை. எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மறுபடி செய்தோம். டர்போவின் அழுத்தப் பக்கத்திலிருந்து என்75-க்கு வரும் சுண்டுவிரல் அளவு ஹோஸ், எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்து, கிளிப்புக்குக் கீழே நீளவாக்கில் பிளந்திருந்தது. குளிர்ந்தால் உதடு மூடிக்கொள்வதுபோல ஒட்டிக்கொள்கிறது, சூட்டில் வாய் பிளக்கிறது. இந்த ஹோஸ் கசிந்தால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் குறையும், பூஸ்ட் கூடத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரி. அந்தக் காரிலும் சூட்டில் எகிறி, ஃபால்ட் விழுந்து, இசியூ பூஸ்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஓனருக்குத் தெரிந்தது 'பூஸ்ட் இல்லை' என்ற கடைசிக் காட்சி மட்டும். ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப். ராடைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் அதிக நேரம் ஆனது, ஏனென்றால் பழைய இடம் எதுவென்று யாரும் குறித்து வைக்கவில்லை.

அழுத்தச் சோதனையில் பிடிபடாத கசிவு ஒன்று உண்டு: டைவர்ட்டர் வால்வு. ஆக்ஸிலேட்டரை விட்டதும் மிஞ்சும் காற்றை அது வெளியே விடாது, டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்கே திருப்பி விடும். நாம் காற்றேற்றும்போது அதன் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான், ஆகவே டயாப்ரம் கிழிந்திருந்தாலும் சத்தமே வராது. கழற்றி, உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் அமுக்கிக்கொண்டு, சிறு வேக்கம் முனையை இன்னொரு விரலால் அடையுங்கள். பிறகு பிஸ்டனை விட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் நின்றால் நல்லது, மெதுவாக வெளியே வந்தால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது.

எரிபொருள் ட்ரிம்மும், அதாவது இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தமும், துப்புக் கொடுக்கும். டர்போவுக்குப் பின் கசிந்தால், சென்சார் எண்ணிக் கொடுத்த காற்றில் ஒரு பங்கு எஞ்சினுக்கு வராது. லோடில் பெட்ரோல் அதிகமாகி சைலன்சர் முனையில் கரி படியும். டர்போவுக்கு முன்னுள்ள குழாயில் பிளவு என்றால் எண்ணாத காற்று உள்ளே வரும், பெட்ரோல் பற்றாது. சில கார்களில் அந்தக் குழாயே முழு ஆக்ஸிலேட்டரில் உறிஞ்சலுக்குத் தாங்காமல் சப்பிப் போகும். பழைய ரப்பர் எண்ணெயில் ஊறி இளகியிருந்தால் கையால் நசுக்கிப் பார்த்தாலே தெரியும்.

கசிவு எங்கும் இல்லை என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் வாருங்கள். மேனிஃபோல்டில் விரிசல், டர்போ ஃபிளாஞ்சில் கருப்புப் புகைத்தடம், அடைத்துப் போன கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். வேஸ்ட்கேட் மூடி சரியாக உட்காராமல் இருப்பதும் இங்கேதான். கீல் தேய்ந்து ராடு கடகடவென்று ஆடும். டர்போ ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு, ஆனால் சக்கரம் டர்போ கூட்டின் சுவரில் உரசக்கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கையில் தெரியவே கூடாது.

எடுத்ததும் எகிறி, பிறகு அடங்குகிறது

கேட்டது 1900, 3000 ஆர்பிஎம்மில் 2150-க்குத் தாவி, அரை நொடியில் இறங்குகிறது. ஸ்பைக் என்பது இது. மூடி திறக்கிறது, தாமதமாகத் திறக்கிறது. அடிப்படை அழுத்த ஓட்டத்தில் ஸ்பைக் இல்லை என்றால் கோளாறு கட்டுப்படுத்தும் பக்கம்: மெதுவான என்75, ஆக்சுவேட்டருக்கு அளவுக்கு மீறி நீளமான ஹோஸ், அழகுக்காகப் போட்ட தடித்த சிலிகான் குழாய். ஹோஸின் உள்அளவு கூடினால் அதை நிரப்பவே நேரம் பிடிக்கும். சிலிகானின் சுவர் மெலிதாக இருந்தால் பலூன்போல் ஊதியும் கொள்ளும். கம்பெனி நீளத்துக்கும் அளவுக்கும் திரும்புங்கள். அதுவும் சரி என்றால் ரீமேப் செய்தவரிடம் லாகை, அதாவது ஸ்கேனரில் பதிவு செய்த எண்களை, கொடுங்கள். டர்போ சுழன்று ஏறும் நேரத்தில் டியூட்டியைக் கொஞ்சம் முன்னதாகவே இறக்கினால் போதும், அது கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை.

அடிப்படை ஓட்டத்திலேயே ஸ்பைக் இருந்தால் ராடு அதிகம் முறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மூடியின் கீல் துருவேறி இறுகிவிட்டது. கைப் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி மெதுவாக அழுத்தம் கொடுங்கள். 0.3 முதல் 0.4 பாரில் ராடு நகரத் தொடங்கி, தடங்கல் இல்லாமல் நீண்டு, அழுத்தத்தை விட்டால் அதே போல் திரும்ப வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள்; பம்பின் முள் இறங்கினால் டயாப்ரம் ஓட்டை. நடுவில் சிக்கிச் சட்டென்று குதித்தால் கீலில் தகராறு, ராடை ஆக்சுவேட்டரிலிருந்து கழற்றி மூடியை விரலால் அசைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போகிறது

இதைக் க்ரீப் என்பார்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இங்கே பூஸ்டின் பிடி எஞ்சினிடமோ இசியூவிடமோ இல்லை. டியூட்டி 5-க்கு இறங்கிவிட்டது, மூடி முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனால் அந்தத் துளை வழியாகப் போக முடிவதைவிட அதிகப் புகைவாயு வருகிறது. மிச்சம் டர்பைனில்தான் மோதும்.

பெரும்பாலும் பெரிய டௌன்பைப்பும் (டர்போவை அடுத்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்) ஃப்ரீஃப்ளோ சைலன்சரும் போட்ட பிறகு தலைகாட்டும். டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்ததால் அதே வாயு அதிக வேலை செய்கிறது. எக்ஸாஸ்ட் மாற்றியவர் வேஸ்ட்கேட்டைத் தொடவே இல்லையே என்று ஆச்சரியப்படுவார். தொடாமலேயே மாறிவிட்டது.

உறுதி செய்ய என்75-ஐயே விட்டுவிடுங்கள். டர்போவின் அழுத்த முனையிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸில் நேரே இணையுங்கள். இப்போது 3000-இல் 0.45 பார், 4500-இல் 0.6, 6000-இல் 0.85 என்று ஏறினால் க்ரீப் நிச்சயம். ஆக்ஸிலேட்டரை உடனே விடுங்கள். நேர்கோடாக நின்றால் க்ரீப் இல்லை, என்75-உம் அதன் ஹோஸ்களும்தான் குற்றவாளி.

க்ரீப்புக்கு மருந்து டர்போவைக் கழற்றுவதுதான். வேஸ்ட்கேட் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மூடி உட்காரும் விளிம்பு கெடாமல் மெருகேற்ற வேண்டும். மூடி போதுமான கோணத்துக்குத் திறக்கிறதா, திறக்கும்போது டௌன்பைப்பின் சுவரில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இடிக்கும் டௌன்பைப்பை நானே இரண்டு முறை அறுத்துச் சரி செய்திருக்கிறேன். ராடை அதிகம் முறுக்கியிருந்தால், ஆக்சுவேட்டரின் நீட்டம் தீர்ந்துபோய் மூடி பாதியிலேயே நின்றுவிடும். அந்தக் கார்களில் ராடைத் தளர்த்தினாலே க்ரீப் மறையும். பெரிய டர்போ வைத்துவிட்டவர்களுக்குத் தனி வேஸ்ட்கேட் தவிர வேறு நல்ல வழி தெரியவில்லை.

பாதி ஆக்ஸிலேட்டரில் எகிறுகிறது, முழு ஆக்ஸிலேட்டரில் பலம் இல்லை

கேட்டால் நம்பவே கடினமான அறிகுறி. ஆனால் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். வேறொரு பட்டறையில் டர்போ இறக்கி ஏற்றிய ஒரு கார் இப்படித்தான் வந்தது. என்75-இன் அழுத்தக் குழாயையும் திரும்புகுழாயையும் இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள்.

இப்போது டியூட்டி இல்லாதபோது ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே போகாது, டியூட்டி ஏறினால்தான் போகும். முழு ஆக்ஸிலேட்டரில் இசியூ அதிகம் வேண்டும் என்று டியூட்டியை ஏற்ற, மூடி திறந்துகொள்கிறது. இன்னும் வேண்டும் என்று இன்னும் ஏற்ற, இன்னும் திறக்கிறது. பாதி ஆக்ஸிலேட்டரில் குறைவாக வேண்டும் என்று டியூட்டியைக் குறைக்க, மூடி இறுக மூடிக்கொண்டு பூஸ்ட் எகிறுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் முழுதாகச் சாயும். இதில் பெரிய ஆபத்து, ஃபால்ட் விழுந்து இசியூ டியூட்டியை நிறுத்திவிட்டால் பாதுகாப்பே போய்விடுவது. அந்தக் காரை ஓட்டாமல், நின்ற இடத்திலேயே ஹோஸை மாற்றுங்கள். வால்வின் உடலில் முனைகளுக்குப் பக்கத்தில் அடையாளம் இல்லை என்றால், முன்பு சொன்னபடி வாயால் ஊதியே எது எதுவென்று தெரிந்துகொள்ளலாம்.

முள் நடுங்குகிறது, கார் விட்டு விட்டு இழுக்கிறது

லாகில் கிடைத்த பூஸ்ட் கேட்டதற்கு மேலும் கீழும் அலைபோல் ஆடினால், டியூட்டிக் கோட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள். டியூட்டியும் எதிர்த்திசையில் ஆடினால் இசியூ துரத்திக்கொண்டிருக்கிறது: ஒட்டும் என்75, சற்றே இறுகிய கீல், அல்லது ரீமேப்பில் கட்டுப்பாட்டு வேகம் அதிகம். டியூட்டி நிலையாக இருந்து பூஸ்ட் மட்டும் ஆடினால் எங்கோ ஒரு ஹோஸ் தளர்ந்து மூச்சு விடுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் புறா குனுகுவதுபோல் சத்தம் வந்தால் டைவர்ட்டர் வால்வு திறக்கவில்லை. அதன் வேக்கம் குழாய் கழன்றிருக்கும், பாருங்கள்.

கையால் திருகும் பூஸ்ட் கண்ட்ரோலர் ஒன்றையும் என்75-ஐயும் சேர்த்துப் போட்டிருந்தால், ஒன்றைக் கழற்றுங்கள். இரண்டு பேர் ஒரே ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கார் நேராகப் போகாது.

5500-க்கு மேல் பூஸ்ட் சரிகிறது

கொஞ்சம் சரிவது இயல்பு. இந்தக் காரில் இருக்கும் கே03 சிறிய டர்போ. 1 பாருக்கு மேல் கொடுத்துவிட்டு 6000-க்குப் போகும்போது 0.7, 0.8-க்கு இறங்குவது அதன் உடல்வாகு. அங்கேயும் 1 பார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் டர்போ காற்றைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும். ஆனால் 0.5-க்கு விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், புகைவாயுவே மூடியைத் தள்ளித் திறக்கிறது. கைப் பம்புச் சோதனையில் ராடு 0.2 பாரிலேயே நகர்ந்தால் அதுதான். இங்கே, இங்கே மட்டும், ராடை முறுக்கலாம்: அரை அரைச் சுற்றாக, ஒவ்வொரு முறையும் அடிப்படை அழுத்தம் பார்த்து, எத்தனை சுற்று என்று எழுதி வைத்து. ஸ்பிரிங் மிகத் தளர்ந்திருந்தால் புது ஆக்சுவேட்டர் வாங்குங்கள்.

பூஸ்ட் சரி, கார் மட்டும் ஓடவில்லை

கேட்டதும் கிடைத்ததும் ஒட்டிப் போகின்றன, ஆனால் பலம் இல்லை. பிளாக் 020-இல் நான்கு சிலிண்டருக்கும் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்கியது என்று பாருங்கள். மூன்று நான்கு டிகிரி என்றால் கவலை இல்லை. ஒன்பதைத் தாண்டினால் எஞ்சின் நாக் அடிக்கிறது (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கிறது), இசியூ அதைக் காப்பாற்றப் போராடுகிறது. 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் ஏப்ரல், மே மாதங்களில் இதைத் தவறாமல் பார்க்கலாம். பிளாக் 118-இல் உள்ளே வரும் காற்று 65, 70 டிகிரி காட்டினால் பக்கவாட்டில் இருக்கும் சின்ன இன்டர்கூலர் திணறுகிறது. எக்ஸ்பி 100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றிப் பார்த்துப் பின்வாங்கல் குறைகிறதா என்று ஒப்பிடுவது மலிவான சோதனை. குறைந்தால் பூஸ்டை 0.1 பார் இறக்கி மேப்பைத் திருத்தச் சொல்லுங்கள், அல்லது பெரிய இன்டர்கூலர்.

ஊரில் சரி, மலையில் தகராறு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது 17965 விழுகிறது, அல்லது கார் மூச்சுத் திணறுகிறது என்று வருபவர்கள் உண்டு. இசியூ 1800 மில்லிபார் முழு அழுத்தம் கேட்கிறது என்று வையுங்கள். கோவையில் டர்போ வெளிக்காற்றை 1.9 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டி உயரத்தில், 2240 மீட்டரில், அதே 1800-க்கு 2.3 மடங்கு அமுக்க வேண்டும். டர்போ அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், மீட்டரில் 0.84 பார் காட்டிய இடத்தில் 1.03 காட்டும். மீட்டரைப் பார்த்துப் பயந்து ராடைத் தளர்த்தாதீர்கள், அது கணக்குப்படிதான் காட்டுகிறது. ஆனால் கீழே தெரியாத சிறு கசிவு இங்கே பெரிதாகும், ஓரளவு திணறும் டர்போ இங்கே முழுக்கத் திணறும். உயரத்துக்கு ஏற்ப இசியூ கேட்பதைக் குறைக்கும் அட்டவணையை ரீமேப் செய்தவர் அப்படியே விட்டிருக்கிறாரா, அழித்துவிட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழித்திருந்தால் திரும்ப எழுதச் சொல்லுங்கள். விட்டிருந்தால் கீழே வந்ததும் பிவிசி கேப்பை எடுத்து அழுத்தச் சோதனையை இன்னொரு முறை, இந்த முறை எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யுங்கள்.